சூரியன் வீடு திரும்பும் படம்

ஒரு சனிக்கிழமை ராத்திரி மகள் போனில் கூப்பிட்டாள். சென்னையில் டிசைன் படிக்கிறாள். நான் நாக்பூரில், வங்கி கொடுத்த குவார்ட்டர்ஸில், ஒற்றை ஆளாகக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, பூஷேன்னு ஒரு பெயிண்டர். பிரெஞ்சுக்காரர். அவரைப் பத்தி கிளாஸ்ல பத்து நிமிஷம் பேசணும். படமெல்லாம் பாத்தேன். ஒரே ரோஸ் கலர் துணி, மேகம், றெக்கை வெச்ச கொழுகொழு குழந்தைங்க, துணியில்லாத தேவதைங்க. இதுல பேச என்னப்பா இருக்கு?"

எனக்கு ஓவியம் தெரியாது. பி.காம். முடித்த கையோடு வங்கிக்குள் வந்தவன். இருபத்துச் சொச்சம் வருஷமாகக் கடன் கோப்புகளைப் பார்த்துக் கண்ணாடி பவர் ஏறியதுதான் மிச்சம். "தெரியலம்மா, பாத்துச் சொல்றேன்" என்று வைத்தேன்.

அவள் அடுத்த வாரமே பேசி முடித்துவிட்டாள். "அழகான பொய்"னு சொல்லிட்டேன்பா, டீச்சர் தலையாட்டினாங்க என்றாள். நான்தான் விடவில்லை. ஆபீஸ் முடிந்து வந்தால் ராத்திரி சும்மாதானே இருக்கிறது? பெரிய மியூசியங்கள் எல்லாம் இப்போது படங்களைத் துல்லியமாக இணையத்தில் போட்டிருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே முறையில்தான் பார்த்தேன். கடன் கோப்பு வந்தால் மூன்று கேள்வி கேட்போம். யார் கேட்கிறார்கள்? எதற்குக் கேட்கிறார்கள்? பணம் எங்கிருந்து வரும்? படத்திடமும் இதையே கேட்டுப் பார்த்தேன். ரோஸ் கலர் துணிக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம்

1715-இல் பதினான்காம் லூயி இறந்துபோனார். சூரிய அரசர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். பட்டத்துக்கு வந்த கொள்ளுப்பேரனுக்கு, அதாவது பதினைந்தாம் லூயிக்கு, வயது 5. அவர் சார்பில் ஆட்சி நடத்திய ஒர்லியான் கோமகன் அரசவையை வெர்சாயிலிருந்து பாரிஸுக்குக் கொண்டுவந்தார். 1722-இல்தான் அது மறுபடி வெர்சாய்க்குப் போனது. இந்த இடைப்பட்ட காலத்தில் பிரபுக்கள் பாரிஸில் மாளிகைகள் கட்டினார்கள். வெர்சாய் மாதிரி பிரம்மாண்டக் கூடங்கள் வேண்டாம், உட்கார்ந்து பேசுகிற மாதிரி சின்ன அறைகள் போதும் என்றார்கள். வளைவு வளைவான மரச்சட்டங்கள், தங்கப் பூச்சு, கண்ணாடிகள். கதவுக்கு மேலே மிஞ்சுகிற இடத்துக்கு ஒரு படம்.

இந்த பாணிக்கு ரொகோகோ என்று பெயர் வந்தது பிற்காலத்தில், அதுவும் கேலியாக. தோட்டத்துச் செயற்கைக் குகைகளில் சிப்பியும் கூழாங்கல்லும் பதிப்பதை பிரெஞ்சில் 'ரொகாய்' என்பார்கள். அதிலிருந்து வந்தது.

பிரபுக்களோடு இன்னொரு கூட்டமும் படம் வாங்க வந்தது. நம்ம ஆட்கள்தான்! வரி வசூல் குத்தகைக்காரர்கள், அரசுக்கே கடன் கொடுத்தவர்கள், வக்கீல்கள், வியாபாரிகள். 1716-இல் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் பாரிஸில் வங்கி தொடங்கிக் காகிதப் பணத்தைப் புழக்கத்தில் விட்டார். 1720-இல் மொத்தமும் சரிந்தது. எத்தனையோ பேர் ஓட்டாண்டியானார்கள், சில பேர் கொழுத்தார்கள். இந்த உருட்டல் புரட்டலுக்கு நடுவில், 1717-இல், வாத்தோ என்ற ஓவியர் 'சித்தேரா யாத்திரை' என்ற படத்தை அகாதெமியில் சமர்ப்பித்தார். சித்தேரா என்பது காதல் தேவதை வீனஸின் தீவு. பட்டு உடுத்திய ஜோடிகள் வீனஸ் சிலைக்குப் பூமாலை போட்டுவிட்டு மெல்ல நடக்கிறார்கள். தீவுக்குப் போகிறார்களா, தீவிலிருந்து கிளம்புகிறார்களா என்று இன்றைக்கும் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். ஒரு பெண் திரும்பிப் பார்க்கிற விதத்தைப் பார்த்தால் கிளம்புகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லீவு முடிந்து ஊரை விட்டு வண்டியேறியவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும்.

பெயர் என்கிற லைசென்ஸ்

அரச ஓவிய அகாதெமி 1648-இல் தொடங்கியது. அங்கே படங்களுக்கு அந்தஸ்து வரிசை உண்டு. வரலாறு, வேதம், புராணம் ஆகியவற்றை வரைவது உச்சம். அதற்குக் கீழே உருவப்படம், இயற்கைக் காட்சி. பழம், பாத்திரம் வரைகிறவர் கடைசிப் படி.

இதில் ஒரு சௌகரியம் பாருங்கள். குளிக்கிற ஒரு பெண்ணை வரைந்தால் அது வெறும் குளிக்கிற பெண். பக்கத்தில் ஒரு வில்லையும் நெற்றியில் ஒரு பிறையையும் வைத்துவிட்டால் டயானா தேவி! படம் ஒரே தாவலில் உச்சப்படிக்குப் போய்விடும். பூஷே 1742-இல் வரைந்த 'குளித்தெழுந்த டயானா' லூவ்ரில் இருக்கிறது. அந்தப் பிறையை எடுத்துவிட்டால் அந்தக் காலத்தில் அதை அப்படிப் பொதுவில் மாட்டியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

ஃபிரான்சுவா பூஷே பிறந்தது 1703-இல், பாரிஸில். பிரபு வீட்டுப் பிள்ளை இல்லை. அப்பாவும் சின்ன அளவில் ஓவியம் வரைந்து பிழைத்தவர். பிள்ளைக்கு 1723-இல் அகாதெமியின் ரோமாபுரிப் பரிசு கிடைத்தது. ரோமுக்குப் போய்த் திரும்பியதும் முதல் பெரிய புராணப் படங்களை அவர் வரைந்து கொடுத்தது அரசருக்கு இல்லை, பாரிஸ் வக்கீல் ஒருவர் வீட்டுக்கு. பிறகு ஆர்டர் குவிந்தது. ஸ்வீடன் நாட்டுத் தூதர் தெஸ்ஸீன் கோமகன் கேட்டு 1740-இல் வரைந்த 'வீனஸின் வெற்றி' இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. அலை, டால்பின், காற்றில் பறக்கும் பெரிய ரோஸ் துணி, எல்லாம் அதில் உண்டு. தெஸ்ஸீன் சம்பளத்துக்கு மீறிப் படம் வாங்கிக் கடனாளியானார். கடைசியில் சேகரிப்பில் பெரும்பகுதியை ஸ்வீடன் அரச குடும்பத்துக்கே விற்றார். ரசனைக்கு வங்கிக்காரன் சல்யூட் அடிக்கலாம், கடன் கொடுக்க மாட்டான்.

அடுத்த பக்கம் எங்கே?

பத்து இருபது படம் பார்த்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கதைகள் பெரும்பாலும் ஓவிட் என்ற ரோமானியக் கவிஞர் தொகுத்தவை. கதையைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், கோப்பில் நடுப்பக்கம் மட்டும் இருக்கிறது, அடுத்த பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்கள் என்று தெரியும்.

யூரோப்பா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூபிடர் வெள்ளைக் காளையாக வருகிறான். இளவரசி பூச்சூட்டி விளையாடி முதுகில் ஏறி உட்கார, காளை கடலுக்குள் பாய்ந்து அவளைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறது. இத்தாலிய ஓவியர் டிஷியன் இதை 1560-களின் தொடக்கத்தில் வரைந்தார். அந்தப் படம் பாஸ்டனில் இருக்கிறது. அதில் அவள் நடுக்கடலில், காளை முதுகில் மல்லாந்து, கொம்பைப் பிடித்துத் தொங்குகிறாள். கரையில் தோழிகள் எறும்பளவுக்குத் தெரிகிறார்கள். பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். பூஷே இதே கதையை 1730-களிலும் 1747-இலும் வரைந்தார். இரண்டிலும் கடல் பயணம் தொடங்கவே இல்லை. பூக்கூடை, தோழிகள், சாதுவான காளை. பிக்னிக்குக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் யூரோப்பா.

கலிஸ்டோ கதை இன்னும் மோசம். அவள் டயானாவின் தோழி, கன்னி விரதம் பூண்டவள். ஜூபிடர் டயானா வேஷத்திலேயே வந்து அவளை ஏமாற்றுகிறான். அவள் கர்ப்பமாகிறாள். டயானா விரட்டிவிடுகிறாள். ஜூபிடரின் மனைவி ஜூனோ அவளைக் கரடியாக்குகிறாள். சொந்த மகனே அந்தக் கரடியைக் கொல்ல வருகிற நேரத்தில் ஜூபிடர் இருவரையும் தூக்கி வானத்தில் நட்சத்திரமாக வைக்கிறான். நாம் சப்தரிஷி மண்டலம் என்று பார்ப்பது அந்தக் கரடியின் ஒரு பகுதிதான். பூஷே இதை 1759-இலும் 1763-இலும் வரைந்திருக்கிறார். முன்னது கான்சஸ் நகரத்தில், பின்னது நியூயார்க்கில். காட்டில் இரண்டு பெண்கள் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பின்னால் ஒரு கழுகு மட்டும் எட்டிப்பார்க்கும். ஜூபிடரின் அடையாளம் அது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். கரடி எங்கேயும் இல்லை.

பாரிஸில் சூபீஸ் மாளிகை இருக்கிறது. 1808 முதல் பிரான்சின் தேசிய ஆவணக் காப்பகம் அங்கேதான். (பழைய கோப்புகளுக்கு இவ்வளவு அழகான ரெக்கார்டு ரூம் உலகில் வேறு உண்டா தெரியவில்லை.) மாடியில் முட்டை வடிவத்தில் ஓர் அறை, இளவரசியின் சலோன். சுவருக்கும் கூரைக்கும் நடுவே நத்துவார் என்ற ஓவியர் 1737 முதல் 1739 வரை எட்டுப் படங்கள் வரைந்தார். சைக்கி, க்யூபிட் காதல் கதை. முகம் தெரியாத கணவன் இருட்டில் மட்டும் வருவான், அவனைப் பார்க்கக் கூடாது என்று சைக்கிக்குக் கட்டளை. அவள் விளக்கேற்றிப் பார்த்துவிட, அவன் போய்விடுகிறான், அவள் அலைந்து திரிகிறாள். நத்துவார் இங்கே துயரத்தையும் வரையத்தான் செய்தார். ஆனால் தண்ணீரிலிருந்து சைக்கியைத் தேவதைகள் தூக்குகிற காட்சியும் நீராடிவிட்டுக் களைத்தவளைக் கைத்தாங்கலாகப் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும்.

அந்த அறை யாருக்காக? சூபீஸ் கோமகன் 1732-இல் செய்துகொண்ட இரண்டாம் கல்யாணத்தில் வந்த மனைவிக்கு. மாப்பிள்ளைக்கு வயது 63. பெண்ணுக்கு 19. முகம் தெரியாத கணவன் இளங்கன்னியாக அழகாக இருப்பான் என்று ஒரு கதை அந்தச் சுவரில் எட்டுப் படமாக அவள் தலைக்கு மேலே சுற்றி வந்தது. அவள் அதை எப்படிப் பார்த்திருப்பாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இளங்காளை போன்ற கணவனை விளக்கொளியில் பார்க்கும் அந்தக் காட்சியும் எட்டில் ஒன்று.

இந்த இடத்தில் நான் மகள் கட்சிதான். அழகான பொய். அதற்கு மேல் என்ன? அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பொம்பதூர் சீமாட்டி வரும் வரைக்கும்.

மீன்காரி என்று கேலி செய்யப்பட்ட பெண்

ழான் ஆந்த்வானெத் புவாஸோன், பிறந்தது 1721. 'புவாஸோன்' என்றால் பிரெஞ்சில் மீன். பிறகு எதிரிகள் அதை வைத்தே கேலிப்பாட்டுக் கட்டினார்கள். அப்பா பெரிய லேவாதேவிக்காரர்களிடம் ஏஜெண்டாக இருந்தவர், ஒரு கணக்கு விவகாரத்தில் மாட்டி நாட்டை விட்டே ஓடவேண்டியதாயிற்று. பெண்ணைப் படிக்கவைத்து, பாட, நடிக்க, வரையக் கற்றுக்கொடுத்து ஆளாக்கியவர் வரிக் குத்தகைதாரர் ஒருவர். ஆக, முழுக்க முழுக்கப் பணம் புழங்கும் வர்க்கத்துப் பெண். 1745-இல் அரசரின் காதலியாக வெர்சாய்க்குள் நுழைந்தார். மார்க்கீஸ் தெ பொம்பதூர் என்று பட்டம் வந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர்கள் எல்லாம் பிரபு குலம். வணிகர் வீட்டுப் பெண் வந்ததை அரசவை கடைசிவரை மன்னிக்கவில்லை.

வெர்சாயில் அவருக்கு முதலில் கொடுத்த ஜாகை அரசரின் அறைகளுக்கு மேலே, மாடியின் உச்சியில். அரசர் தனிப் படிக்கட்டு வழியாக ஏறி வருவார். தன் குடியிருப்பைப் போலவே அவர் ஒரு சின்ன நாடகக் குழுவையும் அங்கே உண்டாக்கினார். பிரபுக்களே நடிப்பார்கள், அரசர் பார்ப்பார். 1750-இல் 'வீனஸின் அலங்காரம்' என்று ஒரு நாடகம். வீனஸ் வேஷம் கட்டியது பொம்பதூர்தான். அடுத்த வருஷமே பூஷே அதே பெயரில் ஒரு படம் வரைந்தார், பெல்வூ என்ற இடத்தில் அவர் கட்டிய மாளிகையின் குளியல் பகுதிக்காக. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. பட்டுத் திண்டில் வீனஸ், மடியில் புறா, தலைவாரிவிடும் குட்டித் தேவதைகள். அந்தப் பெண்ணின் முகம் பொம்பதூர் இல்லை. ஆனால் வீனஸ் யார் என்று பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சுமார் 1750-லேயே அரசருக்கும் அவருக்கும் உடல் உறவு முடிந்துவிட்டது. அவருக்கு உடம்பு சரியில்லை, கரு தங்கவில்லை. அரசர் வேறு பெண்களிடம் போனார். அதே சமயத்தில் அவர் மேல்மாடியிலிருந்து தரைத்தளத்து அறைகளுக்கு இடம் மாறினார். அரசவையில் எல்லாரும் அவர் மூட்டை கட்டும் நாளை எண்ண ஆரம்பித்தார்கள். 'வீனஸின் அலங்காரம்' 1751.

அதாவது, காதல் முடிந்தபிறகு வரைந்த காதல் படம் அது.

காதலி இல்லை என்றால் அரண்மனையில் அவர் யார்? இது உயிர்நாடியான கேள்வி. அவர் ஒரு பதிலைத் தயார் செய்தார்: நட்பு. சிற்பி பிகாலிடம் சொல்லி 'நட்பு தேவதை'யாகத் தன்னையே பளிங்கில் செதுக்க வைத்தார். 1753-இல் முடிந்த அந்தச் சிலை பெல்வூ தோட்டத்துக்கு வந்தது, இப்போது லூவ்ரில். நடுவில், 1752 அக்டோபரில், டச்சஸ் அந்தஸ்து கிடைத்தது. வேலை போய்விடும் என்று எல்லாரும் எதிர்பார்த்த ஆளுக்குப் பிரமோஷன்!

இரண்டு சூரியன்கள்

இந்த வருஷங்களில்தான் பூஷே அவருக்காக 'சூரிய அஸ்தமனம்' (1752), 'சூரியோதயம்' (1753) என்று இரண்டு பெரிய படங்களை வரைந்தார். ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு மேல் உயரம். கோப்லேன் நெசவுக்கூடத்தில் சுவர்க் கம்பளமாக நெய்வதற்கான மாதிரி அவை. 1753-இல் லூவ்ரில் நடந்த சலோன் கண்காட்சியில் பொதுமக்கள் பார்த்தார்கள். இப்போது லண்டன் வாலஸ் சேகரிப்பில், பெரிய படிக்கட்டின் மேலே எதிரும் புதிருமாக இருக்கின்றன.

கதை எளிது. காலையில் சூரியதேவன் அப்பல்லோ கடல் தேவி தெதிஸின் வீட்டிலிருந்து கிளம்புகிறான். நீர்மகளிர் அவனைத் தயார்ப்படுத்துகிறார்கள். மேலே விடியல் தேவியும் குதிரைகளும் காத்திருக்கின்றன. மாலையில் உலகத்தைச் சுற்றிவிட்டு இறங்குகிறான். கீழே தண்ணீரில் தெதிஸ். இவன் கைகளை விரித்துக்கொண்டு அவளை நோக்கி வருகிறான். மேலே இரவு தேவி தன் கருந்திரையை விரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்பல்லோ யார் என்று பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பதினான்காம் லூயி காலத்திலிருந்து அது அரசரின் உருவம். வெர்சாய் தோட்டத்தில் 'தெதிஸ் குகை' என்றே ஒன்று இருந்தது. பகல் வேலை முடிந்து வந்த அப்பல்லோவுக்கு நீர்மகளிர் கைகால் கழுவிவிடுவதாக ஜிரார்தோன் முதலியோர் செதுக்கிய பளிங்குச் சிற்பம் அதில் இருந்தது. 1684-இல் அரண்மனையின் புதுச் சிறகுக்காகக் குகையை இடித்தார்கள். சிற்பம் மட்டும் இன்றும் இருக்கிறது. அந்தப் பழைய சிற்பத்தில் முக்கியம் அரசர் மட்டும்தான், சுற்றியிருப்பவர்கள் பணிப்பெண்கள். பூஷே படத்தில் அப்பல்லோ திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

பூஷேயின் மற்ற புராணக் காதல் படங்கள் எல்லாம் ஒரு நொடியில் நின்றுவிடுகின்றன என்று சொன்னேன் இல்லையா? யூரோப்பா கடலுக்குள் போவதில்லை, கலிஸ்டோ கரடியாவதில்லை. இங்கே மட்டும் அடுத்த பக்கம் இருக்கிறது. போகிறான், திரும்பி வருகிறான். நாளைக்கும் போவான், நாளைக்கும் வருவான். இதில் முத்தம் கிடையாது. ஒரு வேளாவேளை ஒழுங்குதான் இருக்கிறது. எங்கே போய் யார் யாரைப் பார்த்தாலும் சாயங்காலம் இங்கேதான் வரவேண்டும் என்று ஓர் ஒப்பந்தத்தைச் சுவரளவுக்கு எழுதி மாட்டிய மாதிரி. கையெழுத்துப் போட்டது பூஷே. வாசகம் பொம்பதூருடையது என்றுதான் நான் படிக்கிறேன்.

ஒப்பந்தம் நின்றதா? நின்றது. அரசர் கடைசிவரை அவரிடம் வந்தார், பேசினார், ஆலோசனை கேட்டார். (அந்த ஆலோசனைகள் எல்லாம் நாட்டுக்கு நல்லதாக முடிந்தன என்று சொல்ல மாட்டேன். ஏழாண்டுப் போர் பிரான்சின் கஜானாவைத் துடைத்துவிட்டது, அது தனிக் கதை.) 1764 ஏப்ரல் 15-இல், வெர்சாய் அரண்மனைக்குள்ளேயே, 42 வயதில் அவர் இறந்தார். அரச குடும்பத்தார் அல்லாதவர் உயிர் விடக்கூடாத இடம் அது. இருக்கட்டும் என்று அரசர் விட்டுவைத்திருந்தார். காற்றும் மழையுமான சாயங்காலத்தில் சவ ஊர்வலம் பாரிஸை நோக்கிக் கிளம்பியது. அரசர் பால்கனியில் நின்று, அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்தார் என்று அக்கால நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. ஊர்வலத்தில் அவர் கலந்துகொள்ள மரபு இடம் தரவில்லை.

1766-இல் இரண்டு சூரியன்களும் விற்பனைக்கு வந்தன.

தணிக்கை அறிக்கை

பூஷேயை மிகக் கடுமையாக ஆடிட் செய்தவர் தத்துவ ஞானி திதெரோ. 1759-இலிருந்து சலோன் கண்காட்சிகளைப் பற்றி, ஐரோப்பிய அரசர்களுக்குக் கைப்பிரதியாகப் போகும் ஒரு செய்தி மடலில் எழுதினார். பூஷேக்கு வண்ணம் உண்டு, கற்பனை உண்டு, கைத்திறன் உண்டு, உண்மை மட்டும் இல்லை என்பது அவர் கட்சி. ஒழுக்கம் தாழத் தாழ ஓவியமும் தாழ்ந்தது என்று 1765-இல் சாடினார். வேடிக்கை என்னவென்றால் அதே 1765-இல்தான் பூஷே அரசரின் முதல் ஓவியர் ஆனார். திதெரோ கொண்டாடியது க்ரூஸ் வரைந்த 'கிராமத்து நிச்சயதார்த்தம்' (1761) மாதிரியான குடும்பப் படங்களை. அந்தப் படத்தை வாங்கியவர் யார் தெரியுமா? பொம்பதூரின் தம்பி மாரிஞி!

1770-இல் பூஷே இறந்தார். காலமும் மாறிவிட்டது. அரசரின் அடுத்த காதலி துய் பாரிக்காக ஃப்ராகொனார் 1771-72-இல் நான்கு பெரிய காதல் காட்சிகள் வரைந்தார். பூஷேயிடம் பயின்றவர் இவர். ஆனால் இதில் காதலர்கள் சாதாரண மனிதர்கள். தெய்வங்கள் தோட்டத்துச் சிலையாக மட்டும் நிற்கின்றன. கடைசிப் படத்தில் காதலர் இருவரும் பழைய கடிதங்களைப் படிக்கிறார்கள். பின்னால் நிற்கும் சிலை நட்பு தேவதை என்று அடையாளம் சொல்கிறார்கள். பொம்பதூர் இருந்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார். துய் பாரி படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்! பழங்கால கிரேக்கச் சாயலில் வேறொருவர் வரைந்தவை அந்த இடத்துக்கு வந்தன. 1790-இல் ஃப்ராகொனார் அவற்றைத் தன் சொந்த ஊர் க்ராஸுக்கு எடுத்துப்போய் உறவினர் வீட்டில் மாட்டினார். துய் பாரி 1793-இல் கில்லட்டினில் போனார். அந்தப் படங்களை 1915-இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஃப்ரிக் வாங்கினார், விலை 12.5 லட்சம் டாலர். திருப்பி அனுப்பிய சரக்கு!

புரட்சிக்குப் பிறகு, டேவிட் என்ற ஓவியரின் மாணவர்கள் லூவ்ரில் இருந்த வாத்தோவின் சித்தேரா மேல் ரொட்டி உருண்டைகளை எறிந்து விளையாடினார்கள் என்று ஒரு செய்தி உண்டு. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தப் படங்களுக்கான பணம் கடைசியில் குடியானவனின் வரியிலிருந்து வந்தது. என் மூன்றாவது கேள்விக்கு விடை அதுதான். அதை மறைத்துவிட்டு ரோஸ் கலரை மட்டும் ரசிக்கச் சொன்னால் நானும் ஒரு பக்கத்தைக் கிழித்தவன் ஆவேன்.

தீபாவளி லீவுக்கு மகளும் மனைவியும் நாக்பூர் வந்தார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து, லேப்டாப்பில் இரண்டு சூரியன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிக் கதையைச் சொன்னேன். தேதிகளோடு. மகள் அஸ்தமனத்தைப் பெரிதாக்கி தெதிஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இது பொய் இல்லையாப்பா?"

"யூரோப்பா பொய்தாம்மா. இது வேண்டுதல்."

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு வருவான்னு அவளுக்காவது தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அடுத்த டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் ஏப்ரலில். சென்னை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.